விண்வெளி நடை 23: ஹெல்மெட்டுக்குள் புகுந்த தண்ணீர் ஏன் முகத்தை விட்டு நகரவில்லை

2013 ஜூலை 16. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே இருவர் வேலையில் இருந்தார்கள். ஒருவர் அமெரிக்கரான கிறிஸ் கேசிடி. மற்றவர் ஐரோப்பிய விண்வெளி முகமையைச் சேர்ந்த இத்தாலியர் லூகா பர்மிட்டானோ. ஆறரை மணி நேரத்துக்குத் திட்டமிட்ட அந்த வேலைதான் விண்வெளி நடை 23. 44-ஆவது நிமிட வாக்கில், பின்னந்தலையில் ஈரம் தெரிகிறது என்றார் பர்மிட்டானோ. 1 மணி 32 நிமிடத்தில் நடை முடிவுக்கு வந்தது. அவருடைய ஹெல்மெட்டுக்குள் சேர்ந்திருந்த தண்ணீர் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். கண், மூக்கு, காது மூன்றும் தண்ணீருக்குள் இருந்தன.

ஒரு வீரரின் நிதானத்தைப் பற்றிய கதையாகத்தான் இதைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டு அவருக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் இந்தச் சம்பவத்தைப் புரிந்துகொள்ள வீரரைவிடத் தண்ணீரைப் பின்தொடர்வதே சரியான வழி என்று நினைக்கிறேன். 2014 பிப்ரவரியில் வெளியான நாசா விசாரணைக் குழுவின் அறிக்கையும் அந்தத் திசையில்தான் கைகாட்டுகிறது. அது பட்டியலிட்ட அடிப்படைக் காரணங்களில் ஒன்று இப்படிப் போகிறது: எடையற்ற நிலையில் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்ற இயற்பியலை, உடையின் காற்றோட்டப் பாதையிலிருந்து வரும் தண்ணீருக்கு யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. அந்த இயற்பியல் என்ன, அதைப் பொருத்திப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதுதான் இந்த ஆய்வு.

தண்ணீர் வந்த வழி

விண்வெளி உடைக்குள் இரண்டு சுற்றோட்டங்கள் உண்டு. ஒன்று தண்ணீருடையது. தோலை ஒட்டி அணியும் உள்ளுடையில் ஏறத்தாழ 90 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் பாயும் நீர் உடல் சூட்டை வாங்கிக்கொண்டு முதுகுப் பெட்டிக்குப் போகும். மற்றது ஆக்சிஜனுடையது. ஒரு விசிறி அதைப் பின்னந்தலைப் பக்கமாக ஹெல்மெட்டுக்குள் தள்ளும். அது முகத்தைக் கடந்து, உடல் வழியாக இறங்கி, கைகால்களிலிருந்து குழாய்கள் வழியே திரும்பும்போது கரியமில வாயுவையும் வியர்வை ஈரத்தையும் சுமந்து வரும்.

அந்த ஈரத்தைப் பிரிப்பதுதான் சிக்கலான வேலை. பூமியில் என்றால் குளிர்ந்த தகட்டில் படியும் நீர் தானே சொட்டிக் கீழே போய்விடும். சுற்றுப்பாதையில் ‘கீழே’ கிடையாது. அதனால் குளிர்விக்கும் பரப்பில் நீரை விரும்பும் ஒரு பூச்சு கொடுத்திருக்கிறார்கள். படியும் ஈரம் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவும். பரப்பில் உள்ள நுண்துளைகள் அந்தப் படலத்தைக் கொஞ்சம் வாயுவோடு சேர்த்து உறிஞ்சும். அந்தக் கலவை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 ஆயிரம் முறை சுற்றும் ஒரு சிறு டிரம்முக்குள் போகும். சுழற்சியில் தண்ணீர் வெளிச்சுவருக்கு ஒதுங்கி, குளிர்நீர்ச் சுற்றுக்குத் திரும்பும். வாயு விசிறிக்குப் போகும். விசிறி, நீர் பம்பு, நீரைப் பிரிக்கும் இந்த டிரம் மூன்றையும் ஒரே மோட்டார்தான் ஓட்டுகிறது.

அன்று பழுதானது இந்த டிரம். அதன் சிறு துளைகளை அலுமினியமும் சிலிக்காவும் கலந்த கனிமப் படிவு அடைத்திருந்தது. தரையில் வடிகட்டிகளைத் தயார் செய்தபோது பயன்பட்ட நீரில் சிலிக்கா அளவைக் கவனிக்காமல் விட்டதுதான் மூலம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். வெளியேற வழியில்லாத நீர் விசிறிப் பக்கம் வழிந்தது. விசிறி அதை ஆக்சிஜனோடு சேர்த்துப் பின்னந்தலைக்கு அனுப்பியது.

இயந்திரக் கோளாறு என்ற அளவில் கதை இவ்வளவுதான். ஹெல்மெட்டுக்குள் வந்த பிறகு தண்ணீர் என்ன செய்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு கவர்ச்சிகள், ஒரு நீளம்

நீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஒரு மூலக்கூறு நான்கு பிணைப்புகள் வரை வைத்துக்கொள்ள முடியும். ஒரே பொருளின் மூலக்கூறுகளுக்கு இடையிலான இந்த இழுப்பு ஓரினக் கவர்ச்சி விசை. திரவத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் சமமாக இழுக்க ஆள் இருக்கிறது. பரப்பில் இருப்பதற்கோ மேற்பக்கம் ஆளில்லை. அதனால் பரப்பில் மூலக்கூறுகள் இருப்பது ஆற்றல் கணக்கில் செலவு. திரவம் முடிந்தவரை தன் பரப்பைச் சுருக்கப் பார்க்கும். இதைத்தான் பரப்பு இழுவிசையாக அளக்கிறோம். 20 டிகிரி செல்சியஸில் நீருக்கு மீட்டருக்கு 0.073 நியூட்டன், எத்தனாலுக்கு 0.022, பாதரசத்துக்கு 0.48-க்கும் மேல்.

திரவம் ஒரு திடப்பொருளைத் தொடும்போது இரண்டாவது இழுப்பு சேர்ந்துகொள்கிறது. அது வேற்றினக் கவர்ச்சி விசை. இரண்டில் எது எவ்வளவு வலுவானது என்பதை, திரவத்தின் விளிம்பு திடப்பொருளைத் தொடும் கோணமான சேர்கோணம் காட்டிவிடும். திரவம், திடப்பொருள், காற்று மூன்றின் பரப்பு இழுவிசைகள் எந்தக் கோணத்தில் சமன் ஆகும் என்பதை 1805-இல் தாமஸ் யங் விளக்கினார். மிகச் சுத்தமான கண்ணாடியில் நீரின் சேர்கோணம் சுழியத்தை நெருங்கும். அங்கே வேற்றினக் கவர்ச்சி ஜெயிக்கிறது, நீர் பரவுகிறது. கண்ணாடியில் பாதரசத்தின் சேர்கோணம் ஏறத்தாழ 140 டிகிரி. அங்கே ஓரினக் கவர்ச்சியின் கை ஓங்கியிருப்பதால் பாதரசம் உருண்டு நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். பாதரசத்தில் நிறுத்தினால் குழாய்க்குள் மட்டம் தாழும்.

இதெல்லாம் பள்ளிப் பாடம்தான். பாடத்தில் அவ்வளவாக அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: இந்த விசைகளின் ஆட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பது. நீருக்குப் பூமியில் அந்த எல்லை 2.7 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய துளி பரப்பு இழுவிசைக்குக் கட்டுப்பட்டு உருண்டையாக இருக்கும். அதைவிடப் பெரிய நீர்த்திரள் எடைக்குப் பணிந்து தட்டையாகும், வழியும், கொட்டும். குளித்தபின் காதுக்குள் தண்ணீர் தங்கிவிடுவதற்குக் காரணமும் இதுவே. காதுத் துளையின் ஆரம் இந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்த எல்லை முடுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக மாறும். சுற்றுப்பாதையில் நிலையமும் அதில் உள்ளவையும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால், உள்ளே உணரப்படும் எஞ்சிய முடுக்கம் பூமி ஈர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் 2.7 மில்லிமீட்டர் 2.7 மீட்டர் ஆகிறது. அதாவது பூமியில் ஒரு துளிக்குள் மட்டும் செல்லுபடியாகும் சட்டம், அங்கே ஒரு ஹெல்மெட் என்ன, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாகச் செல்லுபடியாகும். நீரின் மூலக்கூறுகளில் எந்த மாற்றமும் இல்லை, விசைகளும் அதே விசைகள்தான். போட்டிக்கு இருந்த எடை விலகிக்கொண்டது, அவ்வளவுதான்.

முகம் என்ற நிலப்பரப்பு

இந்தக் கணக்கோடு அன்றைய நிகழ்வுகளைப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர் பின்னந்தலையில் மட்டும் தெரிந்தது. காற்று வரும் வாய் அங்கேதான் இருக்கிறது. வீரர்கள் தலையில் ஒலிவாங்கியும் காதொலிப்பானும் கோத்த துணித் தொப்பி ஒன்றை அணிந்திருப்பார்கள். துணி இழைகளுக்கு இடையே உள்ள ஆயிரக்கணக்கான நுண் இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஒரு நுண்புழை, அதாவது நீரைத் தானே உள்ளே இழுக்கும் மெல்லிய குழாய். முடியும் அப்படியே. முதலில் வந்த தண்ணீரைத் தொப்பி குடித்துக்கொண்டது, அது நிறையும் வரை வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. ஆரம்பத்தில் நிலைமை மெதுவாகப் போவதாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

தொப்பி நிறைந்தபின் நீர் தடிமனாகச் சேரத் தொடங்கியது. மொத்தத்தையும் தலை, தொப்பி, முகம், கண்ணாடியின் உட்புறம் எல்லாம் சேர்ந்து ஒரு 1,500 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால், ஒன்றரை லிட்டருக்குச் சராசரித் தடிமன் ஒரு சென்டிமீட்டர் வரும். ஆனால் அது சீராகப் பரவுவதில்லை. மூலைகளைத்தான் தேடிப் போகும்.

இதற்கு ஒரு துல்லியமான விதியே இருக்கிறது. பால் கான்கஸ், ராபர்ட் ஃபின் என்ற இரு கணிதவியலாளர்கள் 1969-இல் வெளியிட்டது: எடையில்லாத நிலையில், ஒரு மூலையின் பாதிக் கோணத்தையும் திரவத்தின் சேர்கோணத்தையும் கூட்டினால் 90 டிகிரிக்குக் குறைவாக வந்தால், திரவம் அந்த மூலையில் ஓரிடத்தில் நிற்காது, மூலை போகிற தூரமெல்லாம் ஓடும். 60 டிகிரி விரிந்த மூலையில், 60 டிகிரிக்குக் குறைந்த சேர்கோணம் உள்ள எந்தத் திரவமும் இப்படி ஓடும். மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு மூலை. கண்குழியின் ஓரம் ஒரு மூலை. காது மடலின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு மூலை. வியர்த்து ஈரமாகிவிட்ட தோலில் நீரின் சேர்கோணமும் குறைவு. முகத்தை இந்த விதியோடு பார்த்தால், நீர் வந்து சேர வேண்டிய இடங்கள் என்று கண், மூக்கு, காது மூன்றையும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிடலாம். வாய் கொஞ்சம் தள்ளி இருப்பது அதிர்ஷ்டம்.

முகக்கண்ணாடியும் ஒத்துழைக்கவில்லை. பனி படியாமல் இருக்க உட்புறத்தில் ஒரு கரைசல் பூசுவார்கள். துளியாக நிற்கும் ஈரம் பார்வையை மறைக்கும் என்பதால் அதைப் படலமாகப் பரப்புவதுதான் அந்தப் பூச்சின் வேலை, அதாவது சேர்கோணத்தைக் குறைப்பது. ஈரம் லேசாக இருக்கும்போது அருமையான ஏற்பாடு. லிட்டர் கணக்கில் தண்ணீர் வரும்போது, அது ஏறிவர இன்னொரு வசதியான பரப்பு.

திரும்பினால் நகரும், உதறினால் போகாது

நிலையத்துக்குள் நுழையும் காற்றடைப்பு அறையான ஏர்லாக்குக்குத் திரும்பும் வழியில் ஓர் ஆன்டெனாவைத் தாண்ட பர்மிட்டானோ உடலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் தண்ணீர் மூக்கை மூடியது என்று அவரே பின்னர் எழுதினார். சூரியனும் அப்போது மறைந்தது. தலையை உதறிப் பார்த்தார். நிலைமை மோசமானதே தவிரத் தண்ணீர் போகவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இது முரணாகத் தெரியும். சாதாரணமாகத் திரும்பியதற்கு நகர்ந்த தண்ணீர், வேகமாக உதறியும் ஏன் போகவில்லை? முன்பு பார்த்த எல்லை நீளத்தையே தலைகீழாகக் கேட்டால் பதில் வந்துவிடும். குறிப்பிட்ட தடிமனுள்ள நீரை இடம்பெயர்க்க எவ்வளவு முடுக்கம் வேண்டும்? மூன்று சென்டிமீட்டர் தடிமனான திரளுக்குப் பூமி ஈர்ப்பில் நூறில் ஒரு பங்கே போதும். உடலைத் திருப்புவதே அந்த அளவு முடுக்கத்தைத் தந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் படலத்துக்குப் பதினான்கில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மில்லிமீட்டர் படலத்தைப் பிய்க்கப் பூமி ஈர்ப்பைப் போல் ஏழு மடங்கு வேண்டும். தடிமன் பத்தில் ஒன்றானால் தேவைப்படும் முடுக்கம் நூறு மடங்கு. இறுகிய ஹெல்மெட்டுக்குள் கழுத்தை வெட்டி அதை உண்டாக்க முடியாது.

ஆக, தலையை உதறினால் தடித்த பகுதி கழன்று கண்ணாடியில் மோதும், அங்கே ஒட்டும், அல்லது திரும்பி வந்து முகத்திலேயே ஒட்டும். கண்ணையும் மூக்கையும் மூடிய மெல்லிய படலம் இருந்த இடத்திலேயே இருக்கும். பூமியில் நாம் தலையை உதறும்போது வேலையில் பெரும்பகுதியை எடைதான் செய்கிறது என்பது நமக்குத் தெரிவதேயில்லை.

மூக்கு விஷயத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாசித் துவாரத்தின் ஆரத்தை ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் குறுக்கே நிற்கும் நீர்ப்பரப்பு தாங்கக்கூடிய அழுத்த வேறுபாடு 30 பாஸ்கலுக்குள்தான். மூன்று மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம் அது. சாதாரண மூச்சே அதைத் தாண்டிவிடும். எனவே மூக்கை மூடிய நீர், அடைப்பு போல் வாசலில் நிற்காது. இழுத்தால் உள்ளே வரும். அடுத்த மூச்சில் வருவது காற்றா தண்ணீரா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை என்று அவர் விவரித்ததற்கு இதுதான் பொருள்.

பார்வை போய், ஒலித்தொடர்பும் தடுமாறிய நிலையில், அவர் இடுப்பிலிருந்து நீண்ட பாதுகாப்புக் கம்பியின் மெல்லிய இழுப்பை வைத்தே ஏர்லாக்கின் திசையைக் கண்டுபிடித்தார். நீர் வாயையும் எட்டினால், ஹெல்மெட்டில் இடது காதருகே உள்ள வால்வைத் திறந்து கொஞ்சம் அழுத்தத்தை வெளியே விட்டுத் தண்ணீரையும் சேர்த்து வெளியேற்றுவது என்று யோசித்து வைத்திருந்தார். அதற்கு அவசியம் வரவில்லை.

தெரிந்தே இருந்த பாடம்

இதற்கு ஒரு வாரம் முன், ஜூலை 9 அன்று, அதே உடையில் பர்மிட்டானோ நடந்து முடித்தபோதும் ஹெல்மெட்டில் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று முடிவு செய்து துடைத்துவிட்டார்கள். அந்தப் பைகள் கசியும் என்பது ஏற்கனவே எல்லோரிடமும் ஊறிப்போன எண்ணம். ஹெல்மெட்டில் சிறிது ஈரம் இருப்பது வழக்கமான விஷயமாகவும் ஆகிவிட்டிருந்தது. 16-ஆம் தேதியும் முதல் சந்தேகம் பையின் மேல்தான் விழுந்தது. பையைக் காலி செய்த பிறகும் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. முதல் தகவலுக்கும் நடையை நிறுத்தும் முடிவுக்கும் இடையே இருபது நிமிடத்துக்கும் மேல் கழிந்தது.

பை மேல் சந்தேகப்பட்டதைக்கூட மன்னிக்கலாம். எனக்கு உறுத்துவது இன்னொரு நம்பிக்கை. காற்றோட்டப் பாதையில் கணிசமான நீர் புகுந்தால் விசிறி திணறி நின்றுவிடும், அதைத் தாண்டி ஹெல்மெட் வரை பெரிய அளவில் வராது என்று எண்ணியிருந்தார்கள். அது தண்ணீரை ஒரு கனமான பொருளாக மட்டும் பார்க்கும் எண்ணம். சுவரை ஒட்டிப் படலமாக ஊர்ந்து, காற்றின் தள்ளலோடு போகக்கூடிய பொருளாக அதைப் பார்க்கவில்லை. வந்து சேர்ந்தபின் அது ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்காது, முகத்தைத் தேடி வரும் என்பதையும் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் முன்னுதாரணங்கள் கண்முன்னே இருந்தன. 2001 ஏப்ரலில் கனடா நாட்டவரான கிறிஸ் ஹாட்ஃபீல்டின் முதல் விண்வெளி நடையில், பனி படியாமல் தடுக்கும் கரைசல் கண்ணில் பட்டு எரிந்தது. கண்ணீர் வழியவில்லை, கண் மேலேயே குமிழாகத் திரண்டு, வளர்ந்து, மூக்குத்தண்டைத் தாண்டி மறு கண்ணுக்கும் போய்ச் சேர்ந்தது. வெறும் கண்ணீரே இரண்டு கண்களையும் கட்டிப்போட்டுவிட்டது. அதே ஹாட்ஃபீல்டு 2013 ஏப்ரலில், பள்ளி மாணவிகள் இருவர் யோசித்துக் கொடுத்த சோதனையின்படி, நிலையத்துக்குள் ஒரு ஈரத்துணியைப் பிழிந்து காட்டினார். பிழிந்த நீர் துணியைச் சுற்றி ஒரு குழாய் போல நின்றது, பிறகு அவர் கைகளின் மேல் பாகு போல ஏறியது. உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. மூன்று மாதம் கழித்து அதே நிலையத்துக்கு வெளியே அதே காட்சி, துணிக்குப் பதில் தலை.

இந்தக் குணத்தை நல்ல வேலைக்கும் அதற்கு முன்பே பயன்படுத்தியிருந்தார்கள் என்பது இன்னும் வேடிக்கை. 2008-இல் விண்வெளி வீரர் டான் பெட்டிட் ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்து, ஒரு பக்கம் கூரிய மூலை உள்ள கோப்பை செய்தார். காபி அந்த மூலை வழியே தானாக உதட்டுக்கு ஏறி வந்தது. கான்கஸும் ஃபின்னும் சொன்ன விதியேதான். கோப்பையில் அதைக் கணக்கிட்டுச் செதுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். விண்வெளி உடையின் அபாயப் பட்டியலை எழுதிய மேசைக்கு அந்தக் கணக்கு போய்ச் சேரவில்லை.

பிறகு செய்தவை

2013 டிசம்பரில் அவசரப் பழுதுக்காக மீண்டும் வெளியே போனபோது ஹெல்மெட்டில் இரண்டு புதிய பொருள்கள் இருந்தன. பின்னந்தலையில் 600 மில்லிலிட்டருக்கும் மேல் உறிஞ்சக்கூடிய ஒரு பட்டை. வாயருகே தொடங்கி வயிற்றுப் பகுதி வரை இறங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். முகம் மூழ்கினாலும் உடையின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆக்சிஜனை அதன் வழியே இழுக்கலாம்.

குழாய் கடைசிக் கட்டத்துக்கானது. பட்டையைத்தான் நான் அழகான தீர்வு என்பேன். மூக்கோரத்தைவிடப் பலமடங்கு குறுகலான கோடிக்கணக்கான இடைவெளிகளை, தண்ணீர் உள்ளே நுழையும் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். இடைவெளி எவ்வளவு குறுகலோ, இழுப்பு அவ்வளவு பலம். முகத்துக்கும் பட்டைக்கும் நடக்கும் போட்டியில், பட்டை நிறையும் வரை முகம் தோற்றுக்கொண்டே இருக்கும். தவிர, தலையை அழுத்திப் பார்த்தாலே பட்டை ஊறியிருக்கிறதா என்று வீரருக்குத் தெரிந்துவிடும். 2016 ஜனவரி 15 அன்று விண்வெளி நடையில் இருந்த டிம் கோப்ராவின் ஹெல்மெட்டில் சிறு நீர்க்குமிழ் தெரிந்தபோது, பட்டையின் ஈரமும் ஒரு சான்றாக இருந்தது. அன்று யாரும் காத்திருக்கவில்லை, 4 மணி 43 நிமிடத்தில் நடையை முடித்துக்கொண்டார்கள்.

2022 மார்ச் 23 அன்று ஜெர்மானியரான மத்தியாஸ் மௌரரின் முகக்கண்ணாடியில் மெல்லிய நீர்ப்படலம் தெரிந்தது. வழக்கமான நடைகளை நிறுத்திவைத்து அக்டோபர் வரை ஆராய்ந்தார்கள். இந்த முறை எந்தப் பாகமும் பழுதாகவில்லை. வீரரின் கடும் உழைப்பு, அவர் வைத்திருந்த குளிர்விப்பு அளவு போன்றவை சேர்ந்து வழக்கத்தைவிட அதிகமாக ஈரம் படிந்திருக்கிறது, அது ஹெல்மெட் வரை வந்திருக்கிறது என்ற முடிவுக்கு நாசா வந்தது. அதன்பின் தலையைச் சுற்றி வரும் இன்னோர் உறிஞ்சு பட்டையையும் ஹெல்மெட்டில் சேர்த்தார்கள்.